ராஜாவுக்கு ஒரு தாவல்

பேரின்பநாயகம் நல்லவர். அதை அவரே பல பேரிடம் சொல்லியிருக்கிறார், கேட்டவர்கள் யாரும் மறுத்ததில்லை. துறைமுகத்தை ஒட்டிய ஒரு சரக்குக் கம்பெனியில் பதினெட்டு வருஷமாகக் கிராணி, குமாஸ்தா வேலை. காத்தோங்கில் வீடு. வெள்ளிக்கிழமை தவறாமல் சிலோன் ரோட்டுப் பிள்ளையார் கோயில். இங்கிலீஷ் தெரியாத தொழிலாளிகளுக்கு விண்ணப்பம், மனு, தந்தி எதுவானாலும் எழுதிக் கொடுப்பார். அதற்கு ஒரு கோப்பிகூட வாங்கிக் குடிக்க மாட்டார். இப்படிப்பட்ட மனிதரிடம் ஒரே ஒரு கோளாறு. சதுரங்கத்தில் தோற்றுப்போவது அவருக்கு ஆகாது.

தோற்றுப் பழக்கமும் இல்லை. கம்பெனி மேனேஜர் ஓர் இங்கிலீஷ்காரர், சதுரங்கப் பைத்தியம். வருஷா வருஷம் கான்டீனில் போட்டி வைத்து ஒரு வெள்ளிக் கோப்பை கொடுப்பார். அதில் பேரின்பநாயகத்தின் பெயர் தொடர்ந்து நான்கு தடவை வெட்டப்பட்டிருந்தது. ஐந்தாம் தடவையும் ஜெயித்தால் கோப்பை அவருக்கே சொந்தம். வீட்டுக் கண்ணாடி அலமாரியில் அதற்கான இடத்தை முந்திய வருஷமே காலி செய்து வைத்துவிட்டார் மனிதர்.

1960ஆம் வருஷப் போட்டியில் அவரை எதிர்த்துக் கடைசி ஆட்டத்துக்கு வந்து நின்றவன் சேதுபதி. கப்பலில் பாரம் தூக்கும் வின்ச் இயந்திரத்தை ஓட்டுகிறவன். பரமக்குடிப் பக்கம். வயது முப்பத்து நான்கு. கேம்பல் லேனில் ஒரு மாடி அறையில் பன்னிரண்டு பேரோடு பலகைக் கட்டிலில் படுத்து எழுந்துகொண்டிருந்தான்.

மேனேஜர் அந்த வருஷம் ஒரு புது ஏற்பாடு செய்திருந்தார். கம்பெனிகளுக்கு இடையே நடக்கும் பந்தயத்தில், ஜெயித்தவரைக் கம்பெனி சார்பில் முதல் பலகையில் உட்கார வைப்பது என்று முடிவு. சேதுபதி ஜெயித்துவிட்டால்? ராத்திரி ஷிஃப்ட், மழை, கப்பல் தாமதம் என்று அவன் பாதி நாள் வராமல் போய்விடுவானே! காலியாக இருந்த ஸ்டோர் வேலையை அவனுக்கே கொடுத்துவிடலாம் என்றார் மேனேஜர். மாதச் சம்பளம், கூடவே இரண்டு அறையுள்ள குடும்பக் குவார்ட்டர்ஸ். பந்து உதைக்கிறவனைத் தேடிப் பிடித்து வேலை கொடுத்த காலம் அது. யாருக்கும் இது அதிசயமாகப் படவில்லை.

அந்தக் குவார்ட்டர்ஸ் சேதுபதிக்கு எதற்கு வேண்டும் என்பது பேரின்பநாயகத்துக்குத் தெரிந்த அளவுக்கு வேறு யாருக்கும் தெரியாது. ஜனவரி மாதம் அவனுக்கு விண்ணப்பம் பூர்த்தி செய்தவரே அவர்தான்.

"மனுசி பேர்?"

"ரத்தினம்மா, அய்யா."

"பிள்ளை?"

"ஒண்ணுதான். பொம்பளப் புள்ள. பாக்கியலட்சுமி."

"எப்ப பிறந்தவ?"

"அம்பத்து நாலு, ஏப்ரல் ஒண்ணாந்தேதி. புள்ள வயித்துல இருக்கும்போது கப்பல் ஏறினேன் அய்யா. அம்பத்தேழுல ஊருக்குப் போனப்பதான் பாத்தேன். என்னையப் பாத்துட்டு ஓடிப்போயி நெல்லு மூட்டைக்குப் பின்னால ஒளிஞ்சுக்கிட்டா. நான் கெளம்புற அன்னிக்குத்தான் பக்கத்துல வந்தா."

பேரின்பநாயகத்தின் பேனா நின்றது. அயல்நாட்டிலிருந்து குடும்பத்தை வரவழைக்கும் சட்டத்தை முந்திய வருஷம்தான் இறுக்கியிருந்தார்கள். ஆறு வயது நிரம்பிய பிள்ளைக்கு அனுமதி கிடையாது.

"வாற ஏப்ரலோட ஆறு முடியுதே, சேதுபதி. அதுக்கு முதல் இதைக் குடுக்கவேணும். குடும்பம் இருக்கிற வீட்டு விலாசம் என்ன போடுறது? பன்னிரண்டு ஆம்பிளையள் படுக்கிற அறையை எழுதினா உடனே தள்ளிப்போடுவாங்கள்."

"அதான் அய்யா... அத மட்டும் காலியா விடுங்க. ஒரு எடம் பாத்துடுறேன்."

விலாசத்துக்கான இரண்டு வரியைக் காலியாக விட்டு, மற்றதையெல்லாம் தம்முடைய முத்து முத்தான கையெழுத்தில் நிரப்பித் தாளை மேஜை இழுப்பறையில் வைத்துக்கொண்டார் பேரின்பநாயகம். அப்போது அவர் மனத்தில் கள்ளம் எதுவும் இல்லை. அதையும் சொல்லிவிட வேண்டும்.

சேதுபதி சதுரங்கம் படித்தது நாட்டு முறையில். அந்த முறையில் சிப்பாய் எடுத்த எடுப்பில் இரண்டு கட்டம் பாயாது, ஒவ்வொரு கட்டமாகத்தான் நடக்கும். ராஜா கோட்டை கட்டிக்கொள்ளும் வழக்கமும் இல்லை. அதற்குப் பதிலாக, செக் வாங்காத ராஜா ஆட்டத்தில் ஒரே ஒரு தடவை குதிரையைப்போலத் தாவலாம். கம்பெனியில் ஆடும் இங்கிலீஷ் முறையை சேதுபதி கான்டீனில் நின்று பார்த்தே இரண்டு வருஷத்தில் கற்றுக்கொண்டான். ஆனாலும் ஆட்டத்தைத் தொடங்கும்போது மட்டும் பழைய நடைதான். எதிராளி நடுப்பலகைக்குப் படை திரட்டி வருவார், இவன் ஓரத்துக்கு அடுத்த சிப்பாயை ஒரு கட்டம் நகர்த்தி, அந்த இடுக்கில் மூலைவாட்டில் பாயும் மந்திரியைச் செருகிவிட்டுச் சும்மா இருப்பான். பார்த்தால் பயந்தாங்கொள்ளி ஆட்டம் மாதிரி இருக்கும். இருபதாவது நடையில் எதிராளியின் நடுப்பலகை பொலபொலவென்று உதிர்ந்துவிடும். அந்த வருஷம் மூன்று கிராணிகளும் ஒரு கணக்கரும் அப்படித்தான் உதிர்ந்தார்கள்.

பேரின்பநாயகம் ஸ்டாம்ஃபோர்ட் ரோடு நூலகத்தில் எடுத்த புத்தகத்தில் அந்தத் தொடக்கத்துக்கு 'இந்தியத் தற்காப்பு' என்று பெயர் போட்டிருந்தது. கேம்பல் லேன் அஞ்சடி நடைபாதையில் பீடி குடித்துக்கொண்டு ஆடுகிற ஆட்டத்துக்குப் புத்தகத்தில் இடமா என்று பேரின்பநாயகத்துக்கு முதலில் சிரிப்பு வந்தது. பக்கம் பக்கமாகப் புரட்டிய பிறகு சிரிப்பு போய்விட்டது. அதை உடைக்க அதில் உருப்படியாக ஒரு வழியும் இல்லை.

வழி வேறு இடத்தில் கிடைத்தது. ஜனவரிக் கடைசியில் இரண்டு பேரும் சும்மா ஓர் ஆட்டம் போட்டார்கள். நடுவில் சேதுபதியின் கை ராஜாவை நோக்கிப் போய், தொடுவதற்கு ஒரு விரற்கடை இருக்கும்போது நின்றது. அவன் சிரித்துக்கொண்டே கையை இழுத்துக்கொண்டான். "பழைய புத்தி அய்யா. தாவப் பாத்துச்சு." அவரும் சிரித்தார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சிராங்கூன் ரோட்டில் ஏதோ வாங்க வந்தவர்போல வந்து, கேம்பல் லேன் முனையில் நின்று, சேதுபதி கூட்டாளிகளோடு நாட்டு முறையில் ஆடுவதை ஒரு மணி நேரம் பார்த்தார். நான்கு ஆட்டம். மந்திரி போய் அந்த இடுக்கு காலியானதும் நான்கிலும் ராஜா அங்கேயே 'டக்'கென்று தாவி உட்கார்ந்தது. அந்த நேரத்தில் சேதுபதி பலகையைப் பார்க்கக்கூட இல்லை. பக்கத்திலிருந்தவனோடு பேசிக்கொண்டே கை போட்ட நடை அது.

காத்தோங்குக்குத் திரும்பும் பஸ்ஸில் பேரின்பநாயகத்துக்கு எல்லாம் தெளிவாகிவிட்டது. மூளையை ஜெயிக்க முடியாது, ஆனால் கையை ஜெயிக்கலாம். தம்முடைய குதிரையைக் கொடுத்தாவது அந்த மந்திரியை வெளியே இழுக்க வேண்டும். பிறகு தம் மந்திரியைப் பலகையின் ஓரத்தில் கொண்டுபோய் வைத்து, ராஜா கோட்டை கட்டும் வழியைக் குறுக்கே அடைத்துவிட வேண்டும். நேரமும் நெருக்கினால், கை தானாகத் தாவும். தாவினால் அது சட்டத்துக்கு விரோதம். தொட்ட காயையே வேறு கட்டத்துக்கு நகர்த்தியாக வேண்டும். இது ஆட்டத்தில் சேர்த்தியா என்று அவர் தம்மைக் கேட்டுக்கொள்ளாமல் இல்லை. சேர்த்திதான் என்று பதிலும் சொல்லிக்கொண்டார்.

பிப்ரவரி பதிமூன்று, சனிக்கிழமை மத்தியானம், கான்டீனில் மேஜைகளை ஓரம் கட்டி நடுவில் பலகை போட்டிருந்தார்கள். ஆளுக்கு ஒரு மணி நேரம். நடுவர் மேனேஜர்தான். சேதுபதி வெளுத்த சட்டை போட்டு, தலையைப் படிய வாரிக்கொண்டு வந்திருந்தான். அவன் முதுகுக்குப் பின்னால் வின்ச்காரர்கள் மூன்று பேர் கைகட்டி நின்றார்கள்.

ஆட்டம் எதிர்பார்த்தபடியே நடந்தது. ஓரத்துக்கு அடுத்த சிப்பாய் ஒரு கட்டம், இடுக்கில் மந்திரி. பேரின்பநாயகம் நடுப்பலகையைப் பிடித்துக்கொண்டு குதிரையைப் பலியாகக் காட்டினார். சேதுபதி வெகுநேரம் யோசித்தான். குதிரையை வெட்டினால் அவருடைய சிப்பாய் வரிசை கோணலாகிவிடும், பிற்பாடு அது அவருக்குத் தலைவலி. வெட்டினான். அவனுடைய மந்திரியை அவர் சிப்பாயால் அடித்தார். இடுக்கு காலியானது.

உண்மையைச் சொன்னால் ஆட்டம் சேதுபதி பக்கம் சாய்ந்திருந்தது. இன்னும் பத்து நடை போனால் கோணல் சிப்பாய்கள் ஒவ்வொன்றாக அவன் கைக்குப் போய்விடும். பேரின்பநாயகம் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, மந்திரியை எடுத்துப் பலகையின் ஓரக் கட்டத்தில் வைத்தார். சேதுபதி தலை நிமிர்ந்து அவரை ஒரு கணம் பார்த்தான். அவர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவனுக்கு நான்கு நிமிஷம் மிச்சம் இருந்தது.

அதற்கு நல்ல பதில் இருந்தது. ஒரு சிப்பாயை முன்னே தள்ளினால் மந்திரியின் வழி அடைபட்டுவிடும். அது சேதுபதிக்கும் தெரிந்திருக்கும். மூன்று நிமிஷம். இரண்டரை. அவன் உதடு அசைந்து நடைகளை எண்ணிக்கொண்டிருந்தது. அப்போது கை எழுந்தது, ராஜாவை எடுத்தது, காலியாக இருந்த இடுக்கில் 'டக்'கென்று வைத்தது.

பின்னால் நின்ற வின்ச்காரர்கள் முகம் மலர்ந்தது. அவர்கள் கண்ணுக்கு அதில் தப்பு எதுவும் தெரியவில்லை, பிறந்தது முதல் பார்த்த நடை. மேனேஜர் அந்த நேரம் பார்த்து ஜன்னல் பக்கம் திரும்பிப் பைப்பைப் பற்றவைத்துக்கொண்டிருந்தார். சேதுபதி தன் கையைப் பார்த்தான். சட்டென்று ராஜாவைப் பழைய கட்டத்திலேயே திருப்பி வைத்துவிட்டு, கையை மடியில் போட்டுக்கொண்டு, பேரின்பநாயகத்தைப் பார்த்தான்.

அது தப்பு என்று தெரிந்து பார்த்தவர் அவர் ஒருவர்தான். வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், ஒன்றும் நடக்கவில்லை என்று ஆகிவிடும். இழுப்பறையில் இருந்த தாள் அவர் நினைவுக்கு வராமல் இல்லை. வந்தது. ஏப்ரல் ஒன்றாம் தேதி என்று தாம் எழுதியதுகூடக் கண்முன் வந்தது. மேனேஜரிடம் திங்கட்கிழமை பேசி வேலையை எப்படியும் இவனுக்கு வாங்கிக் கொடுத்துவிடலாம், ஆட்டம் வேறு, வேலை வேறு என்று அந்த நினைவுக்குச் சமாதானமும் சொன்னார்.

"டச் மூவ், சார்," என்றார்.

மேனேஜர் திரும்பினார். சேதுபதி மேஜைமேல் குனிந்து, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில், "அய்யா... கைப் பழக்கம் அய்யா. ஒரு தடவ விட்டுடுங்க" என்றான்.

"சட்டம் எண்டால் சட்டம்தான், சேதுபதி. தொட்டால் தொட்டதுதான்."

ராஜாவைத் தொட்டாயா என்று மேனேஜர் அவனிடம் கேட்டார். அவன் பொய் சொல்லவில்லை, தலையசைத்தான். ராஜாவைத்தான் நகர்த்த வேண்டும். நகர்த்த ஒரே ஒரு கட்டம்தான் இருந்தது, நடுவீதியில், எதிரி ராணிக்கு நேராக. நடுவில் நின்ற தம் இன்னொரு குதிரையைப் பேரின்பநாயகம் விலக்கியதும் ராணியின் செக். ஆறு நடையில் முடிந்தது. சேதுபதி எழுந்து கை கொடுத்தான். அந்தக் கை ஈரமாக இருந்தது.

கோப்பை அலமாரிக்குப் போனது. குணவதி அதைத் துணியால் துடைத்து வைத்துவிட்டு, புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். அவளுக்கு அந்த விண்ணப்பத்தைப் பற்றி அவரே சொல்லியிருந்தார்.

"அந்தப் பொடியன்ர பிள்ளையின்ர விசயம் இப்ப என்ன மாதிரி?"

"திங்கட்கிழமை துரையோட கதைக்கிறன்."

"மறந்துபோகாதையுங்கோ."

மறக்கவில்லை. திங்கட்கிழமை காலை மேனேஜர் அறைக்குள் போனார். மேனேஜர் அவரைப் பார்த்ததும் பெரிதாகச் சிரித்து, அந்த வின்ச்காரன் ராஜாவைத் தொடாமல் இருந்திருந்தால் உங்கள் பாடு திண்டாட்டம்தான் என்றார். பேரின்பநாயகத்துக்குச் சுருக்கென்றது. சொல்ல வந்ததை விழுங்கிவிட்டு ஏதோ பில்லில் கையெழுத்து வாங்கிக்கொண்டு வெளியே வந்தார். அந்தச் சிரிப்பு அடங்கட்டும், அடுத்த வாரம் பேசலாம் என்று நினைத்தார். அடுத்த வாரம் மேனேஜர் பினாங்கு போய்விட்டார். திரும்பி வந்த பிறகும் நாள் தள்ளிக்கொண்டே போனது. சேதுபதிக்காகப் பேசினால் அந்த ஆட்டத்தைப் பற்றிப் பேச வேண்டும், அதைப் பற்றிப் பேச அவருக்கு நாக்கு எழவில்லை. இதற்குக் கோழைத்தனம் என்பதைத் தவிர வேறு பெயர் வைக்க எனக்குத் தெரியவில்லை.

மார்ச் பதினெட்டாம் தேதிதான் வாயைத் திறந்தார். மேனேஜர் உண்மையாகவே வருத்தப்பட்டார். "பிள்ளை விஷயம் எனக்குத் தெரியாதே! முன்னாலேயே சொல்லியிருக்கக் கூடாதா? ஸ்டோர் வேலையைப் போன வெள்ளிக்கிழமைதான் இன்னொருவருக்குக் கொடுத்தேன். குவார்ட்டர்ஸ் சாவியும் போய்விட்டது."

சேதுபதி அதற்குள் அலைந்து திரிந்துகொண்டிருந்தான். ஷிஃப்ட் முடிந்த கையோடு கெர்போ ரோடு, பஃபலோ ரோடு, ராவெல் ரோடு என்று படியேறி இறங்கினான். குடும்பத்துக்கு அறை என்றால் கதவைச் சாத்தினார்கள். கடைசியில் ஏப்ரல் ஒன்பதாம் தேதி, கெர்போ ரோட்டில் மசாலாக் கடை வைத்திருந்த சேக் தாவூது, மாடியில் சரக்குப் போட்டு வைத்திருந்த அறையைக் காலி செய்து தருவதாகக் கடிதம் கொடுத்தார். சேதுபதி ஓடி வந்தான். பேரின்பநாயகம் இழுப்பறையைத் திறந்து, காலியாகக் கிடந்த இரண்டு வரியையும் நிரப்பினார். பிள்ளைக்கு ஆறு முடிந்து எட்டு நாள் ஆகியிருந்தது. ஏழெட்டு நாளை யார் பார்க்கப் போகிறார்கள் என்று அவனுக்குச் சொன்னார். தமக்கும் சொல்லிக்கொண்டார்.

பன்னிரண்டாம் தேதி லீவு போட்டுவிட்டு, மொழிபெயர்க்கத் தாமே கூடப் போனார். குடிநுழைவு அலுவலகத்தில் நீளப் பெஞ்சில் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். சேதுபதியின் சட்டைப் பையில் பிள்ளையின் போட்டோ இருந்தது. எடுத்துப் பார்ப்பதும் வைப்பதுமாக இருந்தான். அவன் முகத்தில் இருந்த நம்பிக்கையைப் பார்க்கப் பார்க்கப் பேரின்பநாயகத்துக்குத் தாங்க முடியவில்லை.

"சேதுபதி, ஒண்டு சொல்லவேணும். அண்டைக்கு அந்த மந்திரியை நான் ஓரத்தில வச்சது... உம்மட கை தாவும் எண்டு தெரிஞ்சுதான் வச்சனான். கேம்பல் லேனுக்கு வந்து பாத்துப்போட்டு வந்துதான் ஆடினனான்."

சேதுபதி போட்டோவைப் பைக்குள் வைத்தான்.

"தெரியும் அய்யா."

"தெரியுமா?"

"மந்திரிய நீங்க அங்க வச்சப்பவே தெரிஞ்சுது. உங்களைப் பாத்தேன்ல? நீங்க மணியப் பாத்துக்கிட்டு இருந்தீங்க. என் மூளைக்குத் தெரிஞ்சுபோச்சு, இந்தக் கைக்குத்தான் தெரியல." அவன் லேசாகச் சிரித்தான். "விடுங்க அய்யா. வெளையாட்டுதான. ஊரு ஒலகத்துல யாரு எனக்காக லீவு போட்டு வந்து உக்காருவா? புள்ள வந்துட்டா மொதல்ல உங்க வீட்டுக்குத்தான் கூட்டிட்டு வருவேன்."

பேரின்பநாயகத்தின் கண் நிறைந்துவிட்டது. இரண்டு மாதமாக நெஞ்சில் கிடந்த கல் இறங்கியதுபோல இருந்தது. அவன் கையைப் பிடித்து அழுத்தினார். அப்போது அவர்கள் எண்ணைக் கூப்பிட்டார்கள்.

கவுன்டரில் இருந்த அதிகாரி இளவயதுக்காரர், கெட்டவராகவும் தெரியவில்லை. தாளை நிதானமாகப் படித்தார். கையெழுத்து நன்றாக இருக்கிறது என்றுகூடச் சொன்னார். பிறகு சேக் தாவூதின் கடிதத்தைப் பார்த்தார், பிள்ளையின் பிறந்த தேதியைப் பார்த்தார், சுவரில் மாட்டியிருந்த நாட்காட்டியைத் திரும்பிப் பார்த்தார். பென்சிலால் ஏதோ கணக்குப் போட்டார்.

"ஆறு வயதும் பதினொரு நாளும்," என்றார் இங்கிலீஷில். "மனைவி வரலாம். பிள்ளை வர முடியாது."

பேரின்பநாயகம் பேசினார். பதினெட்டு வருஷ இங்கிலீஷ் அத்தனையையும் அந்தக் கவுன்டரில் கொட்டினார். வீடு கிடைக்கத் தாமதமாகிவிட்டது, பதினொரு நாள்தானே, ஒரே பிள்ளை, தாய் பிள்ளையை விட்டு எப்படி வருவாள், தாம் வேண்டுமானால் பொறுப்பேற்று எழுதித் தருவதாகச் சொன்னார். அதிகாரி குறுக்கே பேசாமல் முழுவதும் கேட்டார். கேட்டுவிட்டுத் தாளை அவர் பக்கம் தள்ளினார்.

"எனக்கும் வருத்தம்தான், சார். என்ன செய்ய? சட்டம் என்றால் சட்டம்தான்."

பேரின்பநாயகம் தாளைக் கையில் எடுத்துக்கொண்டு திரும்பினார். சேதுபதி அவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றான். அவர் சொல்லப்போவதைக் கேட்கத் தலையைக்கூடக் கொஞ்சம் முன்னால் நீட்டியிருந்தான். தமிழில் இதை எப்படிச் சொல்வது? வேறு எந்தச் சொல்லாவது கிடைக்காதா என்று தேடினார்.

"அவர் என்ன சொல்றார் எண்டால், சேதுபதி... சட்டம்..."

அதற்குமேல் வரவில்லை. சேதுபதியின் முகம் மெல்ல மாறியது. நீட்டியிருந்த தலை பின்னுக்குப் போனது.

"கஷ்டப்படாதீங்க அய்யா. அன்னிக்கே சொல்லிட்டீங்களே," என்றான்.

அவர் கையிலிருந்த தாளை வாங்கி நான்காக மடித்து, போட்டோ இருந்த பையில் வைத்துக்கொண்டு, அவருக்காகக் காத்திராமல் வாசலை நோக்கி நடந்தான்.